காவல் நிலைய மரணங்கள்: அடித்தவர்களோடு கணக்கு முடிந்துவிடுகிறதா?

#1 பொருநை

சாத்தான்குளம் என்றதும் 2020 ஜூன் 19 இரவுதான் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைக் கொண்டுபோனார்கள். அப்பாவைத் தேடிப் போன பென்னிக்ஸையும் உள்ளே இழுத்துப் போட்டார்கள். அன்று இரவு அந்த ஸ்டேஷனுக்குள் நடந்ததைப் பற்றி இனி எவரும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்க வந்தது மறுநாள் பகலைப் பற்றி.

மறுநாள் அந்த இருவரும் உயிரோடு இருந்தார்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். உடுத்தியிருந்த கைலிகள் இரத்தத்தில் நனைந்து மாற்றுக் கைலிகள் கொடுக்க வேண்டியிருந்தது என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஆனாலும் சிறைக்கு அனுப்பலாம் என்று உடல்தகுதிச் சான்று கிடைத்தது. அடுத்து நீதித்துறை நடுவர். அவர் மாடியில் நின்றபடியே கையசைத்து ரிமாண்டு செய்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அடுத்து தொலைவில் உள்ள கோவில்பட்டி கிளைச் சிறை. அங்கும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி அதிகாலை அப்பா இறந்தார்.

மருத்துவர், நடுவர், சிறை அலுவலர். காவலரின் கையிலிருந்து மனிதனைக் காப்பாற்றுவதற்காகவே சட்டம் நிறுத்தி வைத்திருக்கும் ஆட்கள் இவர்கள். மூன்று இடங்களிலும் கையெழுத்து விழுந்தது. யாராவது ஒருவர் ‘இந்த நிலையில் இவரை அனுப்ப மாட்டேன்’ என்று சொல்லியிருந்தால் அந்த இருவரும் வேறொரு மருத்துவமனையில் படுத்திருப்பார்கள்.

சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இருந்தவர்கள் காவலர்கள் மட்டுமே. பத்தாவது நபரான சிறப்பு உதவி ஆய்வாளர் 2020 ஆகஸ்டில் கொரோனாவில் இறந்துபோக, ஒன்பது பேர் மீது வழக்கு நடந்தது. அதுவும் ஐந்தாண்டுகளைத் தாண்டி இழுத்தது. அடித்தவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கையெழுத்திட்டவர்களை நாம் கேட்காமல் விட்டால் அடுத்த சாத்தான்குளத்துக்கு வழி திறந்தேதான் இருக்கும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 கரிசல்மைந்தன்

முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘அமைப்பே சரியில்லை’ என்று பேசத் தொடங்கினால் லத்தி பிடித்தவர் கூட்டத்தில் கரைந்து தப்பிவிடுவார். எல்லோரும் குற்றவாளி என்றால் எவரும் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடும். முதலில் அடித்தவர், பிறகு மற்றவர்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

#3 வெற்றிச்செல்வன்72

இழை தொடங்கியதுமே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். கொஞ்சம் மறுபக்கத்தையும் பாருங்கள்.

2021 நவம்பரில் ஆடு திருடர்களை நள்ளிரவில் தனியாகத் துரத்திப் போன நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். 2020 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் ரவுடியைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். இவர்களுக்காக எத்தனை பேர் இழை தொடங்கினீர்கள்?

செயின் பறித்தவனை, பள்ளிக்கூட வாசலில் கஞ்சா விற்றவனை வணக்கம் சொல்லி விசாரிக்க முடியாது. அவன் ஜாமீனில் வந்து அதே தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதைப் பார்க்கும் பொதுமக்கள்தான் ‘நாலு தட்டு தட்டி அனுப்புங்கள் சார்’ என்று ஸ்டேஷனில் வந்து கேட்கிறார்கள். மாவுக்கட்டோடு ரவுடி நிற்கும் படம் செய்தித்தாளில் வந்தால் ஊரே நிம்மதி அடைகிறது. இதுவும் உண்மை.

#4 நிலவழகி

வெற்றிச்செல்வன் ஐயா, பூமிநாதன் அவர்களின் மரணம் எங்களுக்கும் துயரம்தான். அந்த இரவில் அவர் தற்காப்புக்காகத் துப்பாக்கியை எடுத்திருந்தாலும் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும். ஆயுதத்தோடு எதிரே நிற்பவனிடம் பயன்படுத்தும் பலம் வேறு. கதவைச் சாத்திவிட்டு, கைகட்டி நிற்பவனிடம் பயன்படுத்தும் பலம் வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பூமிநாதனுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

மக்கள் கைதட்டுகிறார்கள் என்கிறீர்கள். 2019 டிசம்பரில் ஐதராபாத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் வல்லுறவு செய்து கொல்லப்பட்ட வழக்கில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் போலீசார் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் என்ன சொன்னது? கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள். பத்து போலீசார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும். இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். பூவைத் தூவியவர்கள் யாரும் அந்த அறிக்கையைப் படித்ததாகத் தெரியவில்லை.

மாவுக்கட்டு விஷயத்தில் நம் உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது: ஸ்டேஷன் கழிவறையில் கைதிகள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள், போலீசார் விழுவதே இல்லையா என்று.

பொருநை, உங்களுக்கும் ஒரு கேள்வி. உங்கள் வாதம் சாத்தான்குளத்துக்குப் பொருந்தும். திருப்புவனத்துக்கு எப்படிப் பொருந்தும்? 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படை கொண்டுபோனபோது எஃப்.ஐ.ஆர். இல்லை, கைதுக் குறிப்பு இல்லை, மருத்துவர் இல்லை, நடுவர் இல்லை. காரில் இருந்த நகை காணவில்லை என்று ஒரு புகார் மட்டும் இருந்தது. கோயிலின் பின்புறத்தில் வைத்து அடித்தார்கள். கோயிலில் இருந்த ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ இல்லாவிட்டால் அந்த மரணம் வலிப்பு வந்து இறந்ததாகவே முடிந்திருக்கும். உடற்கூறாய்வில் 44 காயங்கள். அங்கே கையெழுத்தே கிடையாதே, யாரைக் கேட்பீர்கள்?

#5 பொருநை

நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. காகிதமே இல்லாத காவல்தான் எல்லாவற்றிலும் கொடியது. துறையில் இருந்தவர்கள் யாராவது இதற்குப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

#6 முன்னாள் ஆய்வாளர்

பல ஆண்டுகள் சீருடையில் இருந்தவன். எந்த மாவட்டம், எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள்.

அடி எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் சாட்சியச் சட்டத்தில் தொடங்குங்கள். போலீசாரிடம் கொடுக்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சட்டத்தில் 25ஆம் பிரிவு. ஆனால் அந்த வாக்குமூலத்தின்படி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். அது 27ஆம் பிரிவு. புதிய சாட்சியச் சட்டத்தில் இரண்டையும் 23ஆம் பிரிவுக்குள் வைத்துவிட்டார்கள். இதன் நடைமுறைப் பொருள்: ‘நான்தான் எடுத்தேன்’ என்று சொல்ல வைப்பதால் பயனில்லை, ‘இங்கேதான் வைத்திருக்கிறேன்’ என்று சொல்ல வைத்தால் வழக்கு முடிந்தது. நகை வழக்குகளில் ஏன் அடி விழுகிறது, கொலை வழக்குகளைவிடத் திருட்டு வழக்குகளில் ஏன் அதிகம் விழுகிறது என்று யோசித்தால் இது புரியும். மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி ‘சொத்து மீட்பு எத்தனை சதவீதம்?’ என்பதுதான். யாரை எப்படி விசாரித்தாய் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கைரேகை, கேமராப் பதிவு, செல்பேசி விவரம் எல்லாம் வந்து சேர நாளாகும். கூட்டம் வெள்ளிக்கிழமை.

தனிப்படை என்பது இந்த அழுத்தத்தின் பிள்ளை. அதற்குத் தனி எல்லை இல்லை, தனிப் பதிவேடு இல்லை, அது எந்த ஸ்டேஷனுக்கும் சொந்தமில்லை. அதிகாரி ஒருவரின் வாய்மொழி உத்தரவில் ஓடும். திருப்புவனத்துக்குப் பிறகு முறையான உத்தரவில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொன்னார்கள். கலைத்தது நல்லது. ஆனால் சொத்து மீட்பு சதவீதம் கேட்கும் கூட்டம் அப்படியே இருந்தால் வேறு பெயரில் திரும்ப வரும்.

நிலவழகி அம்மா கேட்ட கையெழுத்து விஷயம். காகிதம் இல்லாமல் இல்லை, இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பொது நாட்குறிப்பு என்று ஒன்று உண்டு. யார் எப்போது வந்தார், யார் எங்கே போனார் என்று நேர வரிசையில் எழுத வேண்டும். பக்கங்களுக்கு எண் இருக்கும், கிழிக்க முடியாது. பிறகு எப்படித் தப்பிக்கிறார்கள் என்றால், ஆள் உள்ளே வந்த நேரத்தில் எழுதுவதில்லை. கைது காட்டுவது என்று முடிவான பிறகுதான் எழுத்தர் பேனாவை எடுப்பார். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர், மறுநாள் காலை பேருந்து நிலையம் அருகே ‘போலீசாரைக் கண்டதும் ஓட முயன்றார்’ என்று நாட்குறிப்பில் இருப்பார். நடுவில் உள்ள அந்தப் பதினைந்து மணி நேரம்தான் எல்லாம் நடக்கும் நேரம். எழுதாமல் விட்ட எழுத்தர், எழுதவில்லையே என்று கேட்காத ஆய்வாளர், வாரந்தோறும் வந்து நாட்குறிப்பில் கையெழுத்திட்டுப் போகும் டி.எஸ்.பி. ஆகியோர்தான் பொருநை கேட்கும் ஆட்கள். எழுதாததற்கும் ஒருவர் பொறுப்பு உண்டு.

#7 கரிசல்மைந்தன்

ஐயா, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். மேலே போகப் போக யாரும் அகப்படுவதில்லை என்பதே என் ஆத்திரம். கீழே உள்ளவர் சிறைக்குப் போவார். மேலே உள்ளவர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய், சில மாதங்களில் வேறு மாவட்டத்தில் வேறு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

விதிவிலக்கு ஒன்றிரண்டு இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் 2023-இல் விசாரணைக்கு வந்தவர்களின் பற்களைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்தது ஓர் ஐ.பி.எஸ். அதிகாரி மீது. அந்த வழக்கில் உதவிக் காவல் கண்காணிப்பாளர் நிலையில் இருந்தவரே முதல் ஆளாக நின்றார்.

இன்னொன்று வாச்சாத்தி. 1992 ஜூன் 20-இல் சந்தன மரக் கடத்தல் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலையடிவார ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். அவர் நேரில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதிய தீர்ப்பு அது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றம் மேலே பார்த்தது. இது ஏன் முதல் ஆண்டிலேயே நடக்கவில்லை?

#8 இரவுப்பணி மருத்துவர்

முதல் பதிவில் மருத்துவர் பற்றிய வரியைப் படித்துவிட்டுத்தான் உறுப்பினரானேன். மாவட்டத் தலைமை மருத்துவமனை இல்லாத ஒரு சிறிய ஊரில் அரசு மருத்துவர்.

நடப்பது இப்படி. இரவு இரண்டு மணிக்கு ஜீப் வரும். ‘ரிமாண்டுக்கு ஒரு ஃபிட்னஸ் டாக்டர்’ என்பார்கள். கைதிக்கு இருபுறமும் காவலர்கள். என்ன ஆயிற்று என்று கைதியிடம் கேட்டால் பதில் காவலரிடமிருந்து வரும். நடுவர் கிளம்புவதற்குள் போக வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். வெளியே பிரசவ வலியில் ஒரு பெண் காத்திருப்பார். பணியில் நான் ஒருவன்தான்.

சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். காவலர்களை அறைக்கு வெளியே நிறுத்த வேண்டும். சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும், கைலியையும்தான். லத்தியால் அடித்தால் தோலில் இரண்டு இணைகோடுகளாகச் சிவப்பு விழும், நடுவில் வெளிறி இருக்கும். அந்த அடையாளம் வேறு எதனாலும் எளிதில் வராது. உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்காலில் அடிபட்டவர் வலி என்று சொல்லப் பயப்படுவார், ஆனால் காலை மாற்றி மாற்றி ஊன்றுவார். கடைசியாகச் சிறுநீர். இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். பிட்டத்திலும் தொடையிலும் கடுமையாக அடித்தால் தசை நைந்து அதன் கழிவு இரத்தத்தில் கலக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். சிறுநீரகம் அடைபடும். எலும்பு முறிவு இருக்காது, தலையில் காயம் இருக்காது, மனிதர் நடந்துகூட வருவார். இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடுவார். ‘நன்றாகத்தான் நடந்து வந்தார்’ என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையாகவே நடந்துதான் வந்திருப்பார்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 54, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 53ஆம் பிரிவு. கைதானவரின் உடலில் உள்ள காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் மருத்துவர் எழுத வேண்டும். அதன் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ கொடுக்க வேண்டும். அந்த நகலைக் கேட்டு வாங்கிய குடும்பம் ஒன்றைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை. கேட்கலாம் என்றே யாருக்கும் தெரியாது. தயவுசெய்து கேளுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தால் எழுதுகிற மருத்துவருக்கு அது பெரிய துணை. காவலரிடம் ‘நகல் கேட்கிறார்கள், நான் எழுதியே ஆக வேண்டும்’ என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

ஒன்றைச் சேர்க்கிறேன். சிறிய ஊரில் மருத்துவரும் அதே ஸ்டேஷனைச் சார்ந்துதான் வாழ்கிறார். இரவு மருத்துவமனையில் யாராவது தகராறு செய்தால் நான் அழைப்பது அதே ஆய்வாளரைத்தான்.

#9 நிலவழகி

டாக்டர், உங்கள் பதிவை அப்படியே எடுத்து எங்கள் பகுதிக் குழுவில் பகிர்ந்திருக்கிறேன். சிறுநீர் நிறம் பற்றிய வரியை இன்று எத்தனையோ அம்மாக்கள் படித்திருப்பார்கள்.

#10 சட்டக்குறிப்பு

கீழமை நீதிமன்றங்களில் வழக்காடுகிறேன். ரிமாண்டு பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அதுதான் தினமும் என் கண்ணெதிரே நடக்கிறது.

ஜெயராஜ், பென்னிக்ஸ் மீது போட்ட இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகளை எடுத்துப் பாருங்கள்: 188, 269, 294(பி), 353, 506(2). எல்லாமே ஏழாண்டுகளோ அதற்குக் குறைவாகவோ தண்டனை உள்ளவை. இப்படிப்பட்ட வழக்குகளில் இயந்திரம் போலக் கைது செய்யக் கூடாது, அறிவிப்பு கொடுத்து அழைத்தால் போதும், கைது ஏன் தேவை என்று போலீசார் எழுத்தில் சொல்ல வேண்டும், அதைப் படித்துப் பார்த்துத் திருப்தி அடையாமல் நடுவர் ரிமாண்டு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே சொல்லிவிட்டது. மீறும் போலீசார் மீது மட்டுமல்ல, காரணம் பதியாமல் ரிமாண்டு செய்யும் நடுவர் மீதும் துறை நடவடிக்கை உண்டு என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. அடி ஒரு பக்கம் இருக்கட்டும்; அந்த இருவரையும் சிறைக்கு அனுப்பவே தேவையிருக்கவில்லை.

நடுவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். எப்போது பிடித்தார்கள்? அடித்தார்களா? இதைக் காவலர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். கேட்கும் நடுவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஒருவர் இருக்கும் நீதிமன்ற எல்லையில் ஸ்டேஷன்களின் நடத்தையே மாறிவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த நடுவர் மாற்றலாகிப் போனதும் பழைய நிலை திரும்பும்.

அதே சாத்தான்குளத்தில் நல்ல நடுவர் எப்படி இருப்பார் என்பதற்கும் சான்று உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், புகழேந்தி அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நடுவர் பாரதிதாசனை ஸ்டேஷனுக்கு அனுப்பியது. அவர் அறிக்கையை ஒருமுறை படியுங்கள். லத்திகளைக் கொடுங்கள் என்று கேட்டால் காது கேளாதவர்கள் போல் நின்றார்கள். ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடினார். ஒரு காவலர் நடுவரையே இழிவாகப் பேசினார். கேமராப் பதிவு நாள்தோறும் தானாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது, வன்தட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தும். அதன்பிறகு ஸ்டேஷனையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

#11 வெற்றிச்செல்வன்72

மருத்துவர் பதிவும் முன்னாள் ஆய்வாளர் பதிவும் யோசிக்க வைத்தன. மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் யாரும் தொடவில்லை. பொய்ப் புகார். பழைய குற்றவாளிகள் பிளேடால் தங்களையே கீறிக்கொண்டு ‘போலீஸ் அடித்தது’ என்பார்கள். நேர்மையான அதிகாரி ஆண்டுக்கணக்கில் மனித உரிமை ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டும். கேரளத்தில் உதயகுமார் வழக்கு தெரியுமல்லவா? திருவனந்தபுரம் கோட்டை ஸ்டேஷனில் 2005-இல் இறந்தவர். 2018-இல் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டு போலீசாருக்குத் தூக்கு விதித்தது. 2025-இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. இத்தனை ஆண்டுகள் குற்றவாளி என்று ஊர் சொன்னதற்கு யார் பதில் சொல்வது?

#12 பொருநை

வெற்றிச்செல்வன் அவர்களே, அதே வழக்கில் இன்னொரு கேள்வியும் நிற்கிறது. உதயகுமார் ஸ்டேஷனில் செத்தார். தனி ஆளாகப் பதின்மூன்று ஆண்டுகள் போராடிய அவருடைய தாய் பிரபாவதி அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? புலன்விசாரணை முறையாக நடக்கவில்லை என்பதால் வழக்கு விழுந்தது. முதல் நாளிலேயே சாட்சியத்தைப் பூட்டி வைத்திருந்தால், குற்றமற்ற காவலர் முதல் மாதமே வெளியே வந்திருப்பார். குற்றம் செய்தவர் இருபது ஆண்டு கழித்துத் தப்பியிருக்க முடியாது. இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்.

பிளேடு விஷயமும் அப்படியே. கேமரா ஓடினால் பிளேடு யார் கையில் இருந்தது என்று தெரிந்துவிடும். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வாசல், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை எல்லாவற்றிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதங்கள் இருக்க வேண்டும். நேர்மையான அதிகாரிக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு உண்டா? கேமரா பழுது என்று சொல்லும் ஸ்டேஷனில், பழுதான நாளுக்கு ஆய்வாளர் நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று விதி வரட்டும். பழுதுகள் குறைந்துவிடும்.

#13 தேர்வர்_நெல்லை

எல்லோருக்கும் வணக்கம். உதவி ஆய்வாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த இழையை முழுக்கப் படித்தேன். மனத்தில் ஒரு கேள்வி உறுத்துகிறது, கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். நாளை நான் பணியில் சேர்ந்த முதல் மாதம், என் ஆய்வாளர் ‘அவனைப் பிடி, காலை விரி’ என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? மறுத்தால் என் பயிற்சிக் காலத்தை அவர் கெடுத்துவிடுவார். இது சினிமா வசனம் இல்லை, என் சொந்தக் கவலை.

#14 முன்னாள் ஆய்வாளர்

தம்பி, கேட்டதற்கு நன்றி. பலர் கேட்காமலே உள்ளே வந்துவிடுகிறார்கள்.

சட்டம் முதலில். மேலதிகாரி சொன்னார் என்பது கொலை வழக்கில் தப்பிக்கும் வாதம் ஆகாது. சாத்தான்குளம் வழக்கில் கூண்டில் நின்றவர்களில் சாதாரணக் காவலர்களும் இருந்தார்கள். ஆய்வாளர் சொல்லித்தான் செய்தோம் என்று சொன்னாலும் சிறையில் தனித்தனி அறைதான்.

அடுத்து நடைமுறை. ஒரு காரணம் சொல்லி அந்த அறையை விட்டு வெளியே வந்து நின்றால் மனசாட்சி தப்பிவிடும், கைதி தப்ப மாட்டான். பொது நாட்குறிப்பில் நீ வந்த நேரத்தையும் போன நேரத்தையும் உன் கையால் எழுது. அந்த ஆள் உள்ளே இருக்கிறான் என்பது ஏதாவது ஒரு பதிவேட்டில் உன் கையெழுத்தில் இருக்கட்டும். பாரா (நிலையக் காவல் பணி) மாற்றும்போது லாக்கப்பில் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். உண்மையான எண்ணை எழுது. ஆய்வாளருக்குக் கோபம் வரும். ஆயுதப்படைக்குத் தூக்கி அடிப்பார். போ. சம்பளம் அதேதான்.

தலைமைக் காவலர் ரேவதியைப் பற்றிச் செய்தியில் படித்திருப்பாய். அந்த இரவு அந்த ஸ்டேஷனில் பணியில் இருந்தவர். லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்தது என்று நடுவரிடம் சொன்னவர் அவர்தான். வெளியே சக காவலர்கள் கூட்டமாக நின்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்திடும் முன் தயங்கினார். இரண்டு பெண் குழந்தைகளின் தாய். பிறகு இட்டார். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. பொருநை மூன்று கையெழுத்துகளைப் பற்றி எழுதினார். வழக்கை நிறுத்தி வைத்தது இந்த ஒரு கையெழுத்து.

துறைக்குள் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. காவலர்களுக்கு வார விடுமுறை என்று 2021-இல் அரசாணை வந்தது. அது எத்தனை ஸ்டேஷனில் முழுதாக நடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். தொடர்ந்து தூக்கமில்லாதவன் கையில் லத்தி இருக்கிறது. அது அடிப்பதற்கு நியாயம் ஆகாது. ஆனால் அந்தப் பணிப்பட்டியலில் கையெழுத்திடுபவரும் ஓர் அதிகாரிதான்.

#15 தேர்வர்_நெல்லை

நன்றி ஐயா. பாரா பதிவேட்டு விவரத்தைக் குறித்துக்கொண்டேன்.

#16 சட்டக்குறிப்பு

மேலே யாரைப் போய்க் கேட்பது என்று கரிசல்மைந்தன் கேட்டதற்கு வருகிறேன். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் காவல்துறைப் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்களில் டி.ஜி.பி. இருக்கிறார். மாவட்டத்தில் தலைவர் ஆட்சியர், உறுப்பினர் எஸ்.பி. அதாவது எஸ்.பி.யின் ஆட்கள் மீதான புகாரை எஸ்.பி.யே உட்கார்ந்து கேட்பார். இதை எதிர்த்து வழக்குகள் போடப்பட்டன. இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. எதிர்க்கட்சியாக இருக்கும்போது லாக்கப் மரணத்துக்காகக் கொதிக்காத கட்சி இல்லை. ஆளுங்கட்சி ஆனதும் தனி அதிகாரமுள்ள ஆணையத்தைக் கொண்டுவந்த கட்சியும் இல்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா காலாவதியானது. காவலில் இருப்பவருக்குக் காயம் ஏற்பட்டால் அது போலீசாரால் ஏற்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் 114பி என ஒரு பிரிவைச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 1985-லேயே பரிந்துரைத்தது. புதிய சாட்சியச் சட்டம் எழுதியபோதும் அதைச் சேர்க்கவில்லை. மூடிய அறைக்குள் நடந்ததை நிரூபிக்கும் சுமை இறந்தவரின் குடும்பத்தின் தலையிலேயே இருக்கிறது.

#17 கரிசல்மைந்தன்

1854-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க வெள்ளைக்காரன் ஒரு குழு போட்டான். வரி கொடுக்காத குடியானவனின் விரல்களைக் கிட்டி என்ற கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்கியதும், குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதும் அந்த அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கிறது. போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற விதி அடுத்த சில ஆண்டுகளில் சட்டத்துக்குள் வந்தது. நம் மண்ணில் இந்த நோய்க்கு எத்தனை வயது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

#18 செவ்வந்தி

விவாதத்துக்கு நடுவே ஓர் உதவி கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் தெருவில் ஒரு பையன். சில மாதங்களுக்கு முன் பைக் திருட்டு என்று சொல்லி ஓரிரவு முழுக்க ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். உண்மையான திருடன் பிடிபட்டதும் காலையில் ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிட்டார்கள். இன்றும் அவனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. வழக்கு இல்லை, காகிதம் இல்லை. இப்போது எதாவது செய்ய முடியுமா?

#19 சட்டக்குறிப்பு

செய்ய முடியும் அம்மா. காலம் போகவில்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, சாதாரணத் தாளில் தமிழில் எழுதலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இழப்பீட்டைத் தவறு செய்த அதிகாரியிடமிருந்து பிடித்தம் செய்யவும் வழியுண்டு.

புகாரில் மறக்காமல் எழுத வேண்டியது கேமரா. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தான், வாசல் வழியாகவா பின்பக்கமா என்று எழுதி, அந்த நேரத்துப் பதிவை உடனே வரவழைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று கேளுங்கள். சைனி தீர்ப்பின்படி ஆணையம் அதைக் கேட்டு வாங்கலாம். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால் அதுவே இன்னொரு புகார். அன்று காலை எந்த மருத்துவரிடம் காட்டினீர்கள்? தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் சீட்டு, எக்ஸ்ரே இருந்தால் இணையுங்கள். இல்லாவிட்டால் இப்போதாவது அரசு மருத்துவமனையில் காட்டி, போலீசார் அடித்தது என்றே சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

#20 இரவுப்பணி மருத்துவர்

எலும்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கையைப் பின்னால் கட்டித் தூக்கினாலோ முறுக்கினாலோ தோள்பட்டைத் தசைநார் கிழியும். அது எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இத்தனை மாதம் கழித்தும் தெரியும்.

#21 செவ்வந்தி

மிக்க நன்றி. பையனின் அம்மா பயப்படுகிறார். அதே ஸ்டேஷனைத் தாண்டித்தான் அவன் தினமும் வேலைக்குப் போக வேண்டும். புகார் அவன் பெயரில்தான் போக வேண்டுமா?

#22 சட்டக்குறிப்பு

வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரின் சார்பில் யார் வேண்டுமானாலும் ஆணையத்துக்கு எழுதலாம். தேதியையும் நேரத்தையும் தனிமடலில் அனுப்புங்கள். அவர்கள் சம்மதித்தால் என் பெயரிலேயே திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகும்.